கண்ணைச் சுற்றிக் கடும் வீக்கம்: இமையைத் திறந்து பார்த்தபின் மருந்து எழுதுங்கள்

ஒரு கண் வீங்கி மூடிப்போய் வருகிறவருக்கு நேரும் பெரிய கெடுதல், வீங்கிய அந்த இமையை யாருமே திறந்து பார்க்காமல் விடுவதுதான். டார்ச் அடித்து வெளித்தோலைப் பார்த்து, "கொசு கடிச்சிருக்கும்" என்றோ "கண்கட்டி" என்றோ சொல்லி, சொட்டு மருந்தும் ஐந்து நாள் மாத்திரையும் எழுதிவிடுகிறார்கள். உள்ளே பார்வை நரம்பு நசுங்கிக்கொண்டிருந்தாலும் வெளியிலிருந்து தெரியாது. ஒருநாள் பொறுத்துத் திரும்பி வரும்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியாமல் போயிருக்கலாம்.

பொள்ளாச்சி, காங்கயம், சத்தியமங்கலம், ராசிபுரம் போன்ற ஊர்களில் சிறு கிளினிக்கிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இதை எழுதுகிறோம். முதல் பாதி வீட்டில் இருப்பவர்களுக்கும் உதவும். மருந்தளவுகள் மருத்துவருக்கு மட்டும். அவற்றைப் பார்த்து வீட்டில் யாரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.

சவ்வுக்கு முன்னா, பின்னா

கண்குழியின் எலும்பு விளிம்பிலிருந்து இமைத்தகடு வரை மெல்லிய தடுப்புச் சவ்வு ஒன்று திரைபோல இருக்கிறது. செப்டம் என்று சொல்வோம். சீழும் கிருமியும் இந்தத் திரைக்கு முன்னால் இருந்தால் அது இமைத் தோலின் நோய், மாத்திரையிலேயே அடங்கலாம். பின்னால் போய்விட்டால் அது கண்குழியின் நோய், ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துத்தான் பார்க்க வேண்டும். சாண்ட்லர் என்ற மருத்துவர் 1970-ல் ஐந்து நிலைகளாக இதை வகுத்தார்: இமை வீக்கம், கண்குழித் திசு அழற்சி, எலும்புறைக்கு அடியில் சீழ், கண்குழிக்குள் சீழ்க்கட்டி, மூளையடி ரத்தக்குழாய்க் குகையில் ரத்தம் உறைதல். எல்லாரும் ஒன்றிலிருந்து ஐந்துக்குப் படிப்படியாகப் போவதில்லை. முதன்முதலில் காட்ட வரும்போதே மூன்றாம் நிலையில் இருப்பவரும் உண்டு.

கிருமி உள்ளே போகும் வழிகளில் முதலிடம் சைனசுக்கு. மூக்கெலும்புச் சைனசுக்கும் கண்குழிக்கும் நடுவில் இருக்கும் எலும்பு காகிதம்போல மெல்லியது. சளி பிடித்த பிள்ளைக்கு நாலைந்து நாள் கழித்துக் கண் வீங்கினால் முதலில் இந்த வழியைச் சந்தேகியுங்கள். மேல்வரிசைக் கடைவாய்ப்பல் சொத்தை, கண்ணீர்ப்பைச் சீழ், தோல் கீறல் ஆகியவை மற்ற வழிகள். நம்ம பக்கம் கீறலுக்குக் குறைவே இல்லை: கரும்புத் தோகை, தென்னை மட்டை, கொறங்காட்டுக் கிளுவை வேலி முள், பட்டறையில் தெறிக்கும் இரும்புத்தூள், மாட்டுக் கொம்பு. முகத்தின் சிரைகளில் ரத்தம் உள்நோக்கித் திரும்பி ஓடுவதை அடைப்பான்கள் முழுதாகத் தடுக்காததால் மூக்கோரத்துப் பருவைப் பிதுக்கினால்கூடக் கிருமி உள்நோக்கி ஏறலாம். அதனால் பிதுக்கவே கூடாது.

இமையைத் திறப்பது எப்படி

பூசியிருப்பதை முதலில் கழுவுங்கள். மஞ்சள், சந்தனம், சுண்ணாம்புப் பத்து எதுவாயிருந்தாலும் ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடைத்தெடுங்கள். மஞ்சள் பூசிய தோலில் ஊதாநிறம் தெரியாது, ஆளைக் கொல்லும் நோயின் முதல் அடையாளமோ அந்த ஊதாதான். சுண்ணாம்பு கண்ணுக்குள் இறங்கினால் கருவிழியே வெந்துபோகும். அப்படி இறங்கியிருந்தால் மற்ற பரிசோதனைகளைத் தள்ளிவைத்து, முதலில் சலைன் விட்டு நன்றாகக் கழுவுங்கள்.

நோயாளியைப் படுக்கவையுங்கள். உலர்ந்த காஸ் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, மேல் இமையைப் புருவ எலும்பின்மீதும் கீழ் இமையைக் கன்ன எலும்பின்மீதும் வைத்து நகர்த்திப் பிடியுங்கள். அழுத்தம் எலும்பில் விழ வேண்டும், விழிமேல் துளியும் கூடாது. ஈரமாயிருந்தால் வழுக்கும், அதற்காகத்தான் உலர்ந்த துணி. வீக்கம் கல்போல இருந்து விரலால் முடியாவிட்டால் இமை தூக்கி பயன்படும். அது இல்லாத இடத்தில் பெரிய காகிதக் கிளிப்பை வளைத்து வழவழப்பான வளைவை மட்டும் பயன்படுத்தலாம், ஸ்பிரிட்டில் துடைத்து உலரவிட்ட பிறகு. விழி கிழிந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், அதாவது அடிபட்டோ கம்பி குத்தியோ வந்தவரானால், வற்புறுத்தித் திறக்காதீர்கள். மேலே ஒரு கவசம் மட்டும் வைத்து அனுப்புங்கள்.

குழந்தையைத் தாய் மடியில் மல்லாத்தித் தலையை உங்கள் முழங்கால் மேல் வாங்கிக்கொண்டு, "சாமி, இந்த வெளிச்சத்தப் பாரு கண்ணு" என்று இன்னொருவரை டார்ச் காட்டச் சொல்லுங்கள். அழுகிற பிள்ளையின் இமையோடு மல்லுக்கட்டுவதைவிட ஒரு வாய் பால் குடிக்கவிட்டுப் பார்ப்பது சுலபம். ஆனால் மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் தேவைப்படும் என்று தோன்றினால் பாலும் வேண்டாம்.

திறந்ததும் பார்க்க வேண்டியவை:

பார்வை. ஒவ்வொரு கண்ணாகச் சோதியுங்கள். எழுத்து அட்டை இல்லாவிட்டால் விரல் எண்ணச் சொல்லுங்கள், அதுவும் முடியாவிட்டால் கை அசைவு, கடைசியாக டார்ச் வெளிச்சம். சீழ் படிந்து மங்கலாயிருக்கலாம், துடைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். பார்த்த நேரத்தோடு எழுதி வையுங்கள். "பார்வை பரவாயில்லை" என்று எழுதினால் அடுத்து பார்ப்பவருக்கு அது ஒன்றுமே சொல்லாது.

சிவப்பு நிறம். சிவப்பு மூடி எதையாவது ஒரு கண்ணுக்குக் காட்டி, பிறகு மற்றதற்குக் காட்டி, "ரெண்டு கண்ணுலயும் ஒரே சிவப்பாத் தெரியுதுங்களா?" என்று கேளுங்கள். வீங்கிய கண்ணில் அது வெளுத்தோ செங்கல் நிறமாகவோ தெரிந்தால் பார்வை நரம்பு அழுந்துகிறது. எழுத்தைப் படிக்கும் திறன் குறையுமுன்பே பல நேரம் இது தெரிந்துவிடும்.

கண்பாவை. இருட்டறையில் டார்ச்சை நல்ல கண்ணில் இரண்டு மூன்று நொடி அடித்து, சட்டென்று வீங்கிய கண்ணுக்கு மாற்றுங்கள். சுருங்க வேண்டிய பாவை விரிந்தால் நரம்பு பழுதாகிறது என்று பொருள். சொட்டு மருந்தாலோ நரம்பு வாதத்தாலோ அந்தப் பாவை ஏற்கெனவே அசையாமல் நின்றுவிட்டால் நல்ல கண்ணின் பாவையைக் கவனியுங்கள். வெளிச்சம் கெட்ட கண்ணுக்குப் போகும்போது நல்ல கண்ணின் பாவை விரிந்தால் அதற்கும் அதே அர்த்தம்தான்.

அசைவு. தலையை அசைக்காமல் மேல், கீழ், இடம், வலம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் நகராவிட்டாலோ, நகர்த்தும்போது கண்ணுக்குப் பின்னால் வலித்தாலோ நோய் செப்டத்தைத் தாண்டிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இமையைத் தொட்டால் வலிப்பது வேறு, விழியை உருட்டும்போது வலிப்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பிதுக்கம். நோயாளியை உட்காரவைத்து, பின்னால் நின்று தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கிப் பாருங்கள். எந்த விழி புருவத்தைத் தாண்டி முன்வந்திருக்கிறது என்பது அங்கிருந்துதான் துலக்கமாகத் தெரியும். வெண்விழிச் சவ்வு பலூன்போல உப்பியிருந்தால் அதையும் குறியுங்கள்.

இந்த ஐந்தும் இயல்பாக இருந்து, காய்ச்சல் குறைவாக, நோயாளி தெம்பாக இருந்தால் இமையோடு நிற்கும் நோய் என்று நம்பலாம். ஒன்று கெட்டிருந்தாலும், அல்லது வீக்கத்தால் ஐந்தில் ஏதாவது ஒன்றைப் பார்க்கவே முடியாமல் போனாலும், அன்றைக்கே அனுப்ப வேண்டும். பார்க்க முடியாமல் போனதை இயல்பு என்று எழுதிவிடாதீர்கள்.

தோல் சொல்லும் சேதி

சதை அழுகல் நோய் கண் ரெப்பைக்கு அரிதாகத்தான் வரும். வந்தால் மணிக்கணக்கில் பரவும். இமையில் பெரும்பாலும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிதான் காரணம், சிறு கீறலே அதற்குப் போதும். சர்க்கரை, குடி, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து இருந்தால் வாய்ப்பு கூடும். எதுவுமில்லாத திடகாத்திரமான ஆளுக்கும் வரும்.

முதலில் வெறும் சிவப்பு வீக்கம்தான். ஆனால் வலி பொருந்தாது. பார்வைக்குச் சின்னதாக இருக்கும், ஆளோ துடித்துப்போவார். அடுத்து சிவப்பு மங்கி ஊதாவும் சாம்பலும் கலந்த நிறமாகும், தோல் பளபளக்கும், கருநீர் கோத்த கொப்புளம் எழும், பிறகு கருகும். இடையில் ஒரு கட்டத்தில் வலி திடீரென்று குறையும். வீட்டார் நிம்மதி அடைவார்கள், ஆனால் அது தோல் நரம்பு செத்துப்போன அறிகுறி. பஞ்சு நுனியால் தொட்டு இரண்டு பக்கமும் ஒத்துப் பாருங்கள். உணர்வு மரத்திருந்தால் உடனே அனுப்புங்கள். இமை ஓரம் மட்டும் நிறம் மாறாமல் பிழைத்திருப்பதும் உண்டு. அங்கே ரத்த ஓட்டம் அதிகம், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

சிவப்பின் விளிம்பை பால்பாயிண்ட் பேனாவால் சுற்றிக் கோடு போட்டுப் பக்கத்தில் மணியை எழுதுங்கள். ஒரு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. ரத்த அணுக் கணக்கும் மற்ற எண்களும் சுமாராக இருந்தாலும் இந்த நோய் இல்லையென்று ஆகாது. இதற்கு ஸ்கேனுக்காகவும் காத்திருக்கக் கூடாது, அறுவை அரங்கில் தோலைத் திறந்து பார்ப்பதே நோயறியும் வழி.

கருப்பு என்றதும் பூஞ்சையையும் நினைக்க வேண்டும். எந்த வீங்கிய கண்ணுக்கும் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். 250-க்கு மேல் இருந்தால் சிறுநீரில் கீட்டோனும் பாருங்கள். சர்க்கரை ஏறியவர், ஸ்டீராய்டு சாப்பிட்டவர், கன்னம் மரத்துப்போகிறது, மூக்கில் கருப்பு வடிகிறது என்றால் வாயைத் திறந்து மேலண்ணத்தைப் பாருங்கள். கருப்புப் பொருக்கு இருந்தால் கருப்புப் பூஞ்சை நோயான மியூக்கர்மைக்கோசிஸ்தான் என்று வைத்து நடங்கள். 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு இதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது.

குழப்பும் வேறு சில: இரண்டு கண்ணும் வீங்கி வலியில்லாமல் அரித்தால் ஒவ்வாமை. நெற்றி நடுக்கோட்டில் சட்டென்று நின்றுவிடும் கொப்புளம் அக்கி. விளக்கைச் சுற்றும் சிறு வண்டை நசுக்கியதால் கோடுபோல எரியும் புண் உண்டாகும். சின்னக் குழந்தைக்குக் கண்குழி அழற்சிபோல வந்தது உள்ளே அழுகிய விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம், பாவையில் வெண்மை தெரிகிறதா என்று மறக்காமல் பாருங்கள்.

அனுப்புமுன் செய்ய வேண்டியது

இமையோடு நிற்கும் நோயென்று உறுதியானால் பெரியவருக்கு அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் 625 மி.கி. தினம் மூன்று வேளை, குழந்தைக்கு அமாக்ஸிசிலின் கணக்கில் கிலோவுக்கு 45 மி.கி. ஒரு நாளைக்கு, இரண்டாகப் பிரித்து. ஐந்து முதல் ஏழு நாள். சீழ்க்கொப்புளம் இருந்தால் மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸையும் நினைத்து மருந்தை மாற்றுங்கள். 24 மணி நேரத்தில் திரும்ப வரச் சொல்லுங்கள், 48 மணியில் குறையாவிட்டால் சேர்த்துவிடுங்கள். ஒரு வயதுக்குக் கீழான பிள்ளையை மாத்திரை மருந்தோடு வீட்டுக்கு விட வேண்டாம்.

செப்டத்தைத் தாண்டியது என்று சந்தேகம் வந்தால் முதல் ஊசியை உங்கள் இடத்திலேயே போட்டு அனுப்புங்கள். வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்க 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. தாளவாடியிலிருந்து திம்பம் இறங்குவதும் அப்படித்தான். அந்த இரண்டு மூன்று மணி நேரம் மருந்தில்லாமல் கழியக் கூடாது.

கேனுலா போட்டு, கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கப் பாட்டில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதற்காகத் தாமதிக்காதீர்கள். செஃப்ட்ரியாக்ஸோன் பெரியவருக்கு 2 கிராம், குழந்தைக்குக் கிலோவுக்கு 50 மி.கி., 2 கிராமுக்கு மிகாமல். அதை ரிங்கர் லாக்டேட் ஓடும் அதே குழாயில் விடாதீர்கள், கால்சியத்தோடு சேர்ந்தால் படிந்து திரளும். நார்மல் சலைனில் கொடுங்கள். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். கீறல் இருந்தால் டெட்டனசுக்கான டிடி (Td) தடுப்பூசி. பெனிசிலின் ஒவ்வாமையைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் தொடங்குங்கள்.

கூடாதவற்றில் முதலாவது டெக்ஸா என்ற ஸ்டீராய்டு ஊசி. போட்டால் மறுநாள் வீக்கம் வாடும், நோயாளிக்கும் மகிழ்ச்சி. அந்த ஒரு நாளில் சர்க்கரை ஏறும், கிருமியும் பூஞ்சையும் தடையில்லாமல் பரவும். டைக்ளோஃபெனாக்கும் அப்படியே, சதை அழுகலின் வலியை மறைத்துவிடும். கண்ணைக் கட்டுப்போட்டு மூடினால் பார்வை போவது யாருக்கும் தெரியாது. தாய்ப்பால், வெங்காயச் சாறு, விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விட வேண்டாம். விட்டிருந்தால் வீட்டாரைத் திட்டாமல் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள்.

108-ஐ அழைப்பதோடு நிறுத்தாமல் போகும் ஆஸ்பத்திரிக்குப் பேசுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: இன்றிரவு கண் அறுவை மருத்துவர் இருக்கிறாரா, காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர் இருக்கிறாரா, இரவில் சி.டி. எடுக்க முடியுமா. கோவை, பெருந்துறை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் எது பக்கமோ அதைக் கேளுங்கள். ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு அனுப்பப்பட்டே பாதி இரவு கழிந்துவிடுகிறது. சீட்டில் பார்வை அளவும் நேரமும், கொடுத்த மருந்தும் நேரமும், சர்க்கரை அளவும், பேனாக் கோட்டின் நேரமும், கடைசியாகச் சாப்பிட்ட நேரமும் இருக்கட்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் குடும்ப அட்டையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள். ஆனால் அட்டையைத் தேடுவதற்காக வண்டி நிற்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில்

கண்குழி, சைனஸ் இரண்டும் சேர்த்து கான்ட்ராஸ்டோடு மெல்லிய வெட்டுகளாகச் சி.டி. எடுங்கள். முகப்புவாக்கு (கரோனல்) வெட்டு இல்லாமல் வாங்காதீர்கள், கூரையோரச் சீழ் அதில்தான் தெரியும். மேல் கண் சிரை பருத்திருந்தாலோ, இரண்டாவது கண்ணும் வீங்கத் தொடங்கினாலோ எம்.ஆர்.ஐ. தேவை. இரண்டாவது கண்ணின் வீக்கத்தை மூளையடி ரத்தக் குகையின் உறைவு என்றே கருதி நடக்க வேண்டும்.

கண்குழி அழற்சிக்குத் தொடக்கத்தில் செஃப்ட்ரியாக்ஸோன் 2 கிராம் 12 மணிக்கொருமுறை, வான்கோமைசின் கிலோவுக்கு 15 முதல் 20 மி.கி. 8 அல்லது 12 மணிக்கொருமுறை, பல் வழியோ மூளைப் பக்கமோ சந்தேகமிருந்தால் மெட்ரோநிடசோல் 500 மி.கி. 8 மணிக்கொருமுறை. குழந்தைக்கு வான்கோமைசின் கிலோவுக்கு 15 மி.கி. 6 மணிக்கொருமுறை, மெட்ரோநிடசோல் கிலோவுக்கு 10 மி.கி. 8 மணிக்கொருமுறை. வான்கோமைசினை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்றுங்கள், வேகமாக விட்டால் முகமும் மார்பும் சிவந்து ரத்த அழுத்தம் இறங்கும். கிரியாட்டினினைப் பார்த்துக்கொண்டே இருங்கள், பிப்பராசில்லின்-டாசோபாக்டமும் கூடச் சேர்ந்தால் இன்னும் கவனமாக.

பார்வையும் பாவையும் முதல் நாளில் நான்கு மணிக்கொருமுறை, இரவிலும். இதை மருத்துவர் வரும்வரை ஒத்திப்போடாமல் இரவுப் பணிச் செவிலியரே செய்து எழுத வேண்டும். எலும்புறைக்கு அடியில் சிறு சீழ், உள்பக்கச் சுவரோரம் மட்டும், குழந்தை ஒன்பது வயதுக்குக் கீழ், பார்வை நன்றாக இருக்கிறது என்றால் ஊசி மருந்தோடு கவனித்துப் பார்க்கலாம். வயது கூடியவர், சீழ் பெரியது, மேலோ கீழோ உள்ளது, நெற்றிச் சைனசும் நிறைந்திருக்கிறது, உள்ளே காற்றுக்குமிழி, பல் காரணம், 48 மணியில் குறையவில்லை என்றால் வடித்துவிட வேண்டும். பார்வை இறங்கினால் மணிக்கணக்கும் பார்க்கக் கூடாது. விழி கல்லாக இறுகிப் பார்வை மங்கினால், பயிற்சி பெற்றவர் வெளிக்கண் மூலையை வெட்டித் தளர்த்திவிட்டு அரங்குக்குக் கொண்டுபோகலாம்.

சதை அழுகலுக்கு வான்கோமைசினோடு பிப்பராசில்லின்-டாசோபாக்டம் 4.5 கிராம் 6 மணிக்கொருமுறை, கூடவே கிளிண்டாமைசின் 900 மி.கி. 8 மணிக்கொருமுறை. கிளிண்டாமைசினைச் சேர்ப்பது கிருமியின் நச்சு உற்பத்தியை அடக்க, அதனால் அதை விட்டுவிடாதீர்கள். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று உறுதியானதும் பெனிசிலின் ஜி 40 லட்சம் யூனிட் 4 மணிக்கொருமுறை, கிளிண்டாமைசினோடு. செத்த திசுவை ரத்தம் கசியும் இடம்வரை எடுத்து, இமை ஓரத்தை முடிந்தவரை காப்பாற்றி, 24 மணியில் மறுபடி திறந்து பாருங்கள். இமையைக் காப்பாற்றும் ஆசையில் கன்னத்துப் பக்கம் குறைவாக எடுத்துவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. ரெப்பையைப் பிறகு ஒட்டுத்தோலால் கட்டலாம்.

பூஞ்சைக்கு, பொருக்கின் ஓரத்திலிருந்து திசு எடுத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு அன்றே நுண்ணோக்கியில் பாருங்கள். தடுப்புச் சுவரில்லாத அகலமான நாடாபோன்ற இழைகள் தெரியும். லைபோசோமல் ஆம்ஃபோடெரிசின் கிலோவுக்கு 5 மி.கி. தினமும், 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில். சலைனில் கலந்தால் திரிந்துவிடும், குழாயில் சலைன் தங்கியிருந்தாலும் டெக்ஸ்ட்ரோஸ் விட்டுக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். பொட்டாசியம், மெக்னீசியம், கிரியாட்டினின் மூன்றையும் கவனியுங்கள். வோரிகோனசோல் இந்தப் பூஞ்சையிடம் வேலை செய்யாது. சர்க்கரையை அடக்காமலும், செத்த திசுவை எடுக்காமலும் எந்த மருந்தும் பலிக்காது.

கண்குழி அழற்சி குறைந்து மாத்திரைக்கு மாறினாலும் மொத்தம் இரண்டு மூன்று வாரம், எலும்பு அரித்திருந்தால் நான்கு வாரமாவது மருந்து ஓட வேண்டும். சொத்தைப் பல்லும் சைனசும் அப்படியே கிடக்க அனுப்பிவிடாதீர்கள். இமையில் திசு எடுக்கப்பட்டவருக்குத் தழும்பு சுருங்கச் சுருங்கச் சில வாரங்களில் கண் முழுதாக மூடாமல் போகலாம். அவர் தூங்கியபின் டார்ச் அடித்து வெண்விழியோ கருவிழியோ தெரிகிறதா என்று பார்க்க வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள். தெரிந்தால் இரவில் கண் களிம்பு தாராளமாகப் போட்டு, மறுநாளே கண் மருத்துவரிடம் வரச் சொல்லுங்கள், கருவிழி காய்ந்து புண்ணாகுமுன்.